யார் யாரைத் தூக்குவது

மூன்று நாளாக மழை விடவில்லை. தார்ச் சீட்டுக் கூரைமேல் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. பட்டாசு வாங்கி வைத்தவன் எவனும் அந்த ஷெல்டரில் இல்லை; அரிசியை எங்கே நனையாமல் வைப்பது என்பதே எல்லார் வீட்டுப் பேச்சாகவும் இருந்தது.

சுனாமியில் வீடு போன குப்பத்து ஜனங்களுக்கென்று, திருவொற்றியூருக்கு மேற்கே தண்டவாளம் தாண்டி வரிசை வரிசையாகப் போட்டுக் கொடுத்த குடிசைகளைத்தான் ஷெல்டர் என்றார்கள். ஒரு காலத்தில் ஏரியாக இருந்து தூர்ந்துபோன பொட்டல் அது. ஆறு மாதம் இருங்கள், அதற்குள் மாடி வீடு வந்துவிடும் என்று சொல்லிக் கொண்டுவந்து விட்டார்கள். பத்து மாதம் ஆகிவிட்டது. பத்துக்குப் பத்தில் ஒரே அறை. நின்றால் தலைக்கு ஒரு முழம் மேலே கூரை. வெயில் நாளில் தார் உருகித் தலைமுடியில் சொட்டும். மழை நாளில் எங்கே ஒழுகும் என்று அதற்கே தெரியாது.

ரகுபதி வலைக்கயிறு எடுத்துக் கூரைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு நான்கு மூலையிலும் முளையடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். நனைந்த கயிறு கையை அறுத்தது. உள்ளே முத்தம்மா கவிழ்த்த அன்னக்கூடைமேல் ஏறி நின்று, குடும்ப அட்டையையும் சுனாமி டோக்கனையும் மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றி உத்தரக் கொம்பில் கட்டினாள். தீப்பெட்டியை மூடி போட்ட பாட்டிலில் போட்டாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி டிரங்குப் பெட்டிமேல் வைத்தாள். வாசலில் ஈரமண்ணைக் குவித்து, பழைய சாக்கைப் போட்டு மிதித்து ஒரு அணை மாதிரி செய்தாயிற்று.

"மய வுட்ற மாதிரி தெரில," என்றபடி ரகுபதி தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தான். "நான் காசிமேட்டுக்குப் போயே ஆவணும். போட்டுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கினு கீதாம். ஓனரு ஆள் அனுப்ச்சிட்டாரு."

"புயல் கூண்டு ஏத்திட்டாங்களா?"

"ஏத்தாம இன்னா. வாடைக் காத்து அட்ச்சுப் பேக்குது. நாலு பேரா போட்டுலயே கெடந்து காவ காக்கணும். வர்றதுக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ."

முத்தம்மா முருகுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திருமுருகன் என்று பெயர், வீட்டில் முருகு. இரண்டரை வயது. காலையிலிருந்து உடம்பு கதகதவென்றிருந்தது.

"தண்ணி உள்ள வந்திச்சின்னா இன்னா பண்ணுவீங்க?" என்று ரகுபதி கேட்டான். கேட்டுவிட்டு அவனே சொன்னான். "இப்பவே பேசி வச்சிக்க. அட்டைய எட்த்துக்க. முருகுவ நீ தூக்கிக்க. நர்மதா அரிசிப் பைய எட்த்துக்கட்டும். நேரா ஸ்கூல் மாடிக்குப் பூடுங்க. பொருளு போனா மயிரே போச்சு. அன்னிக்கு அம்மாம் பெரிய அலையிலியே, அது வந்து புடுங்கற வரிக்கும் ரெண்டு புள்ளையையும் வுடாம புட்ச்சிக்கினு ஓடியாந்தவ நீ. இத்து இன்னா, ஏரித் தண்ணி."

மூலையில் பாய்மேல் உட்கார்ந்திருந்த நர்மதா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஒரு கண நேரம்தான். பிறகு குனிந்து தன் பள்ளிக்கூடப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்தப் பையில் புத்தகம் கிடையாது. ஒரு பாவாடை சட்டை, ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பிஸ்கட் பாக்கெட், ஒரு துண்டு மெழுகுவர்த்தி. ஜனவரி மாதத்திலிருந்து அது அப்படியே இருந்தது. பிஸ்கட் நமுத்தால் அவளே மாற்றி வைப்பாள். பள்ளிக்குப் போகும்போது புத்தகங்களைக் கையில் அணைத்துக்கொண்டு போவாள்.

ரகுபதி சொன்னது பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

சுனாமி வந்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கலுக்குப் போய் ரகுபதி நடுக்கடலில் இருந்தான். முத்தம்மா தண்ணி லாரிக்குக் குடம் வைக்க வரிசையில் நின்றிருந்தாள். கடல் ஏறுது, கடல் ஏறுது என்று யாரோ கத்தியதும் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, முருகுவை இடுப்பில் தூக்கி, நர்மதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். முதல் தண்ணீர் முழங்காலோடு போயிற்று. பிழைத்தோம் என்று நினைத்தாள். அடுத்தது நெஞ்சுக்கு வந்தது. கறுப்பாக, மரக்கட்டையும் வலையும் சட்டி பானையுமாக வந்தது. கால் தரையில் இல்லை. முருகு இடுப்பிலிருந்து நழுவினான். ஒரு கையால் அவனை நிறுத்த முடியவில்லை. இன்னொரு கையை நர்மதா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

முத்தம்மா அந்தக் கையை உதறினாள்.

அலை பிடுங்கவில்லை. அவள்தான் உதறினாள். உதறிய கையால் முருகுவை இறுக்கிப் பிடித்தாள். மகள் வாயைத் திறந்து தன்னையே பார்த்தபடி தண்ணீரோடு போனதை அவள் பார்த்தாள்.

அன்று முழுக்க அவள் பிணங்களின் முகத்துணியை விலக்கிக்கொண்டு திரிந்தாள். சாயங்காலம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், மூன்று பிள்ளைகள் படுத்திருந்த ஒரு கட்டிலில் நர்மதா உயிரோடு இருந்தாள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிறுத்தியிருந்த ஒரு கண்டெய்னர் லாரியின் அடியில் போய்ச் சிக்கி, சங்கிலி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். டிரைவர் இறங்கி, தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மேலே போட்டிருக்கிறார். எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியவில்லை. பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்.

"கையில கெட்டியாத்தான் புட்ச்சிக்கினு இருந்தேன். அலை வந்து புடுங்கிக்கினு பூட்ச்சு," என்று முத்தம்மா நர்ஸிடம் சொன்னாள். மறுநாள் கரைக்கு வந்த ரகுபதியிடம் சொன்னாள். நிவாரணத்துக்கு எழுத வந்தவர்களிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நர்மதா பக்கத்தில் நின்றாள். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கேட்டிருந்தால் முத்தம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. கூப்பிட்டால் வந்தாள், சொன்ன வேலையைச் செய்தாள், தம்பிக்குச் சோறூட்டினாள். ஆனால் ரோடு தாண்டும்போது கையை நீட்டினால், பிடிக்காமல் முந்தானை நுனியைத் தொட்டுக்கொண்டு வந்தாள். மார்ச் மாதம் மறுபடி அலை வருகிறது என்று புரளி கிளம்பி ஷெல்டரே ஓடியபோது, பையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தனியாக ஓடிப்போனாள். அம்மா வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணலி ரோட்டில் வரிசையாக நின்ற லாரிகளுக்குப் பக்கத்தில் அவளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள்.

"பயந்த புள்ள, பாவம்," என்றார்கள் எல்லாரும். பயம் யாருக்கு என்று முத்தம்மாவுக்குத் தெரியும். மழைத்தூறல் விழுந்தாலே பயந்தவள் அவள்தான். தண்ணீருக்கு அல்ல, தண்ணீர் வந்தால் தான் என்ன செய்வோம் என்று நினைத்து.

ரகுபதி போன மறுநாள் காலை கண் விழித்தபோது பாய் மிதந்துகொண்டிருந்தது. வாசலில் போட்ட அணை கரைந்து போயிருந்தது. கணுக்காலளவு தண்ணீர். கடல் தண்ணீர் மாதிரி பாய்ந்து வரவில்லை. சத்தமில்லாமல் தரைக்குள்ளிருந்து ஊறிய மாதிரி நின்றது. சாக்கடையும் கக்கூசும் அதில் கலந்திருந்தன.

எதிர்வீட்டுத் தேவப்பிரியம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்று தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ராயபுரத்துக்காரி; கருவாட்டு வியாபாரம். மூன்று மூட்டை நெத்திலிக் கருவாடு நனைந்துபோன வயிற்றெரிச்சல்.

"கடலுன்னா வர்றதும் தெரியும், போறதும் தெரியும். இது இன்னாடி முத்தம்மா, மாமியாக்காரி மாதிரி வந்து குந்திக்கினு போவ மாட்டேங்குது! மாதாவே, ஒரே கலீஜு. புள்ளைக்கு இன்னா, இன்னும் காயுதா?"

"அனலா கொதிக்குதுக்கா. பால் குட்ச்சாலும் கக்கிட்றான்."

"ரோட்டாண்ட மெடிக்கல் தொறந்துகீறான். போய் எதனா சிரப்பு வாங்கி ஊத்து. போ, நான் பாத்துக்கறேன் உம் பொண்ண."

முத்தம்மா நர்மதாவைப் பார்த்தாள். டிரங்குப் பெட்டிமேல் சம்மணம் போட்டு, பை மடியில் இருக்க, உட்கார்ந்திருந்தாள்.

"நீயும் வர்றியா?"

"நான் இங்கியே கீறேன்."

"தேவப்பிரியம் அக்காவாண்ட இரு. நான் போனதும் வந்துட்றேன். எங்கயும் போவாத, இன்னா?"

தலையை ஆட்டினாள்.

முருகுவைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு முத்தம்மா போனாள். மருந்துக் கடைக்குப் போகவே அரை மணி நேரம் ஆயிற்று. குழி எது மேடு எது என்று தெரியாமல் காலால் தடவித் தடவி நடந்தாள். கடைக்காரன் சிரப்பைக் கொடுத்து, அங்கேயே ஒரு மூடி ஊற்றச் சொன்னான். ஊற்றிவிட்டுத் திரும்பும்போது எதிரே ஆட்கள் ஓடி வந்தார்கள். தலையில் மூட்டை, தோளில் பிள்ளை, கையில் டிவிப் பெட்டி.

"ஏரி ஒட்ச்சிக்கிச்சு! புழல் ஏரி ஒட்ச்சிக்கிச்சு! ஓடு, ஓடு!"

எந்த ஏரியும் உடையவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அது யாருக்குத் தெரியும்? முத்தம்மா கூட்டத்துக்கு எதிராகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஷெல்டரைப் பார்த்து ஓடினாள். தண்ணீர் இப்போது தொடைக்கு வந்திருந்தது. ஓட ஓட, "நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்" என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. டிரங்குப் பெட்டி மட்டும் இருந்தது.

வரிசைக் கடைசியில், மூட்டையோடு போய்க்கொண்டிருந்த தேவப்பிரியத்தை எட்டிப் பிடித்தாள்.

"எம் பொண்ணு எங்கக்கா?"

"ஐயோ, கூச்சல் கேட்டதும் பைய மாட்டிக்கினு சிட்டா பறந்துட்ச்சுடி! நில்லு, நில்லுன்னு தொண்ட கியியக் கத்தினேன். திரும்பியே பாக்கல. ரோட்டுப் பக்கமாத்தான் போச்சு. ஸ்கூலாண்டதான் போயிருக்கும். வா, பாக்கலாம்."

பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாள் என்று முத்தம்மாவுக்குத் தெரியும். மணலி ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அந்த ரோட்டில் எந்த நாளும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். துறைமுகத்துக்குள் போக முறை வருகிறவரை ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும். மழைக்கு அன்றைக்குத் துறைமுக வேலையே நின்றுபோயிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் வண்டிகள். சிவப்பு, நீலம், துருப்பிடித்த பழுப்பு. ஒவ்வொன்றும் ஒரு வீடு உயரம். அவற்றுக்கு நடுவே பெண் எங்கேயென்று தேடுவது?

முதல் வண்டியின் கதவைத் தட்டினாள். "ஐயா, ஒரு பொண்ணு. ஒம்போது வயசு. நீலப் பாவாட. பள்ளிக்கூடப் பை." இல்லை என்றார்கள். இரண்டாவது வண்டி. மூன்றாவது வண்டியில் ஆளே இல்லை. நான்காவதில் ஒருவன் கண்ணாடியைக்கூட இறக்காமல் கையை ஆட்டினான். குனிந்து ஒவ்வொரு வண்டியின் அடியிலும் பார்த்தாள். சக்கரத்தின் பாதி தண்ணீரில் இருந்தது. சங்கிலி தொங்குகிற இடத்திலெல்லாம் அவள் கண் போயிற்று.

ஒன்பதாவதோ பத்தாவதோ வண்டி தாண்டியபோது முன்னால் ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. வரிசையின் தலைப்பில் சில வண்டிகள் புகை கக்கிக்கொண்டு நகர்ந்தன. மேட்டுப் பக்கமாகத் திருப்பிப் போகச் சொல்கிறார்களாம். நகர்ந்த வண்டிகள் மாதவரம் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாக மறைந்தன. நர்மதா அதில் ஏறியிருந்தால்? ஆந்திராவுக்குப் போகிற வண்டியாக இருந்தால்? தெரியாத ஆள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால்? அலையில் போன பிள்ளை திரும்பி வந்தாள். ரோட்டில் போகிற பிள்ளை திரும்பி வருவாளா?

"நர்மதா! நர்மதா!"

மழை அந்தக் குரலை அங்கேயே அமுக்கியது. முருகு இடுப்பில் வீறிட்டு அழுதான். அவனை எங்கேயாவது இறக்கி வைத்தால் வேகமாக ஓடலாம். இறக்கி வைக்க இடமில்லை. யாராவது ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடலாமா என்று நினைத்தாள். நினைத்த உடனே தன்னைக் கண்டே நடுங்கினாள்.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல். "அம்மா! ஏம்மா! பாப்பாவையா தேட்றீங்க?"

தலையில் குல்லாவும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, தாடி நரைத்த ஒருவர் ஒரு நீல வண்டியின் படியில் நின்று கையை ஆட்டினார்.

"இங்க இருக்குதும்மா. நான் ஒண்ணும் பண்ணலம்மா, அதுவாத்தான் ஏறி வந்து உக்காந்துகிச்சு. இறங்குன்னா இறங்க மாட்டேங்குது. தனியா இறக்கி விடவும் மனசு வரல. எம் பேரு ஹபீபுல்லா, ஆம்பூருப் பக்கம். எனக்கும் பேத்தி இருக்குதும்மா."

முத்தம்மா படியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகைமேல், அவருடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நர்மதா உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த பன்.

ஏறும்போதே முத்தம்மாவுக்கு அழுகை வெடித்தது. "எங்கடி போன! எங்கடி போன நீ! நான் வர்றதுக்குள்ள இன்னாடி அவசரம்!" என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

ஹபீபுல்லா முருகுவை வாங்கிச் சீட்டில் உட்கார வைத்தார். "அடிக்காதீங்கம்மா. பயந்துபோய் வந்துச்சு. அம்மா எங்கன்னு கேட்டேன். 'அம்மா வராது. தம்பியத் தூக்கிக்கினு போயிருக்கும்'னு சொல்லுச்சு. சரி, அந்தப் பக்கம் மேட்டுக்குப் போயிருப்பீங்க, ஆள் வரட்டும்னு இருந்தேன்." சொல்லிவிட்டு முத்தம்மாவின் முகத்தைப் பார்த்தவர், "முன்னாடி வண்டி எப்ப எடுப்பாங்கன்னு கேட்டுட்டு வரேன். உள்ளயே இருங்க," என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவு சாத்தியதும் மழைச் சத்தம் பாதியாகக் குறைந்தது. டீசல் வாடையும் ஊதுபத்தி வாடையும் அடித்தன. முருகு மருந்து மயக்கத்தில் சீட்டில் சுருண்டு கண்ணை மூடினான். கீழே ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒற்றைச் செருப்பு, ஒரு கதவு என்று ஏதேதோ மிதந்து போயின.

"அம்மா வராதுன்னா சொன்ன?" என்று முத்தம்மா கேட்டாள்.

நர்மதா பன்னைப் பார்த்தாள்.

"சொல்லுடி."

"ஆமா."

முத்தம்மா ஈரத் தலையை முந்தானையால் துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை, முந்தானையும் ஈரம்தான். பத்து மாதமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கு அலை புடுங்கல. நான்தான் வுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான்தான கூட இருந்தேன். நீ ஒதறின."

"அப்புறம் ஏன்டி யாராண்டயும் சொல்லல?"

"நைனா உன்ன அடிக்கும்."

முத்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா தம்பிய வுடல?" என்று நர்மதா கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் புரியாததைக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

நீ பெரியவள், நீந்திக்கொள்வாய் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இத்தனை மாதம் இரவில் முத்தம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதுதான். ஆனால் அது பொய். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"அவன் இடுப்புல கீறான். நீ கையில கீற. ரெண்டு கையும் ஒர்த்தனுக்கே வேண்டியிருந்திச்சு. அவ்ளோதான்டி. வேற ஒண்ணியும் இல்ல."

"யோசிச்சு வுடலியா?"

"யோசிக்க எங்கடி நேரம்? கையி அதுவா ஒதறிச்சு. அப்புறம்தான் எனக்கே தெரியும்."

"நான் இடுப்புல இருந்தா?"

"அவன் போயிருப்பான்."

நர்மதா தூங்குகிற தம்பியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "நான் கறுப்பா கீறேன்ல, அத்தொட்டு வுட்டியோன்னு நெனச்சேன்," என்றாள்.

முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்மதா அழவில்லை. பக்கத்தில் வரவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மீதிப் பன்னை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அம்மாவிடம் நீட்டினாள். "துன்னு. காலீல ஒண்ணியும் துன்னல நீ."

அன்று சாயங்காலம்வரை அவர்கள் அந்த வண்டியில்தான் இருந்தார்கள். ஹபீபுல்லா வண்டியடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினார். ஊறுகாயோடு குடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவரே பள்ளிக்கூடத்துப் பக்கம்வரை வண்டியை நகர்த்தி இறக்கிவிட்டார்.

தண்ணீர் வடிய எட்டு நாள் ஆயிற்று. தீபாவளியைப் பள்ளிக்கூட மாடியில், பொட்டலச் சோற்றில் கழித்தார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்குள் தொடை உயரத்துக்குச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. தரையில் அரையடிச் சேறு. அரிசி முளைவிட்டு நாறியது. மூலையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு செத்துக் கிடந்தது. முத்தம்மா சேற்றைத் தட்டில் அள்ளிக் கொடுக்க, ரகுபதி வாங்கி வெளியே கொட்டினான். நர்மதா பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் அலசிக் கவிழ்த்தாள். தேவப்பிரியம் நனைந்த கருவாட்டைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, செத்தவர்களுக்கு வைப்பதுபோல் ஒப்பாரி வைத்தாள். அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

"இந்தத் தபா ரெண்டு புள்ளையையும் நீயே கரை சேத்துட்ட," என்றான் ரகுபதி, தட்டை வாங்கிக்கொண்டே. "அன்னிக்கும் அலை புடுங்கற வரிக்கும் கைய வுடலியே நீ."

முத்தம்மா சேற்றிலிருந்து நிமிர்ந்தாள். வெளியே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"அன்னிக்கு நான் காப்பாத்தல," என்றாள். "நர்மதா கைய நான்தான் ஒதறினேன். அலை புடுங்கல. பொய் சொன்னேன்."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. தட்டிலிருந்த சேறு அவன் காலில் வழிந்தது. அடிக்கப் போகிறான் என்று முத்தம்மா நின்றாள். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். நர்மதாவைக் கடந்து போகும்போது அவள் தலையில் ஒரு முறை கையை வைத்தான். அன்றே தங்கலுக்குப் போய்விட்டான்.

ஆறு நாள் கழித்து வந்தான். குழம்புக்குக் காரப்பொடி மீன் கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கடல்ல ஆறு நாளா அதயே ரோசன பண்ணேன். நானா இருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு. தெரில."

அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. குப்பத்துக் கதையை யாராவது கேட்டால், மகளைக் காப்பாற்றியது ஒரு லாரி டிரைவர் என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் முதல் வாரம் மறுபடி கூண்டு ஏற்றினார்கள். ரகுபதி மறுபடி படகுக்குக் காவல் போனான். பகல் பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி சொல்லிப் போனார்கள். வாசலில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

முத்தம்மா அட்டையை மடியில் செருகினாள். முருகுவை இடுப்பில் வைத்தாள். வாசலைப் பார்க்கவே பயமாக இருந்தது. இந்நேரம் மகள் தனியாக ஓடியிருப்பாள் என்று நினைத்தாள். பார்த்தாள். நர்மதா வாசல் தாண்டி, மழையில் நின்றிருந்தாள்.

"இன்னாடி நிக்கற? ஓடு, மின்ன போ."

"நீ மின்ன போ."

"கூட வாயேன்."

"நீ போம்மா. நான் பின்னால பாத்துக்கினே வர்றேன்."

முத்தம்மாவுக்குக் கையை நீட்ட வேண்டும்போல் இருந்தது. நீட்டவில்லை. இரண்டு கையாலும் முருகுவைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். கெண்டைக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு. பின்னால் சின்னக் கால்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் திரும்பவில்லை. தண்டவாளத்து மேடு வருவதற்குள் இரண்டு இடத்தில் அந்தச் சத்தம் நின்றது. நின்ற இடத்தில் இவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மழை கொட்டியது. முருகு தோளில் முகத்தைப் புதைத்திருந்தான். கொஞ்சம் பொறுத்து, சளக் சளக்கென்று மறுபடி கேட்டது. முத்தம்மா அடுத்த காலை எடுத்து வைத்தாள்.